காசிமேட்டுக்கு ஒரு மாற்று வண்டி

எனக்குச் சந்தேகப் புத்தி என்று என் மனைவி சொல்வாள். அவள் சொல்வதிலும் எனக்குச் சந்தேகம் உண்டு. பால் பாக்கெட் வாங்கினால் தேதியைப் பார்ப்பேன். பிறகு அந்தத் தேதியை அச்சடித்தவன் என்ன நினைப்பில் அச்சடித்தானோ என்று யோசிப்பேன். இப்படிப்பட்ட ஆளைத்தான் போக்குவரத்துக் கழகம் இருபத்திரண்டு வருஷமாக காசிமேடு பஸ் நிலையத்தில் நேரக்காப்பாளராக வைத்திருந்தது. தகரக் கூரை போட்ட ஓர் அறை, ஒரு மேசை, ஒரு பதிவேடு. பதிவேடு இப்போது தொடுதிரையாகிவிட்டது, விரலால் தட்டினால் போதும். இருந்தாலும் நாங்கள் எல்லோரும் அதை நோட்டு என்றுதான் சொல்வோம்.

அந்த முட்டை வண்டியின் மேல் எனக்குச் சந்தேகம் விழுந்தது ஆனி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை.

முட்டை வண்டி என்பது ஓட்டுநர் இல்லாத கார். வலவன் என்ற கம்பெனி விட்டது. வெள்ளையாக, உருண்டையாக, சத்தமே போடாமல் வரும். நாலு வருஷத்தில் சென்னையில் எங்கே பார்த்தாலும் அதுதான். விபத்து குறைந்தது, ஹாரன் சத்தம் குறைந்தது, அதையெல்லாம் நான் மறுக்கவில்லை. ஆனால் ஹாரன் அடிக்காமல் வருகிற எதையும் நான் நம்பியதில்லை.

அண்ணா நகரிலிருந்து வரும் நூற்று எண்பத்தாறாம் எண் பஸ் ஏழு ஐந்துக்கு எங்கள் நிலையத்துக்குள் நுழைய வேண்டும். அன்று நுழைந்தது ஏழு இருபத்திரண்டுக்கு. அதற்கு முன்னால் ஒரு முட்டை வண்டி, உள்ளே ஒரு ஈ கூட இல்லாமல், மாப்பிள்ளை அழைப்புக்கு வழிகாட்டுகிற மாதிரி மெதுவாக வந்தது. நிலையத்தின் வாசலில் திரும்பி ஓரமாக நின்றுகொண்டது. பஸ் மறுபடி கிளம்பியபோது அதற்கு முன்னால் அதுவும் கிளம்பியது.

மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும்.

"இன்னா எத்தி, ஊர்வலமா வர்ற?" என்று டிரைவர் எத்திராஜிடம் கேட்டேன்.

"நான் எங்கண்ணா வர்றேன், அது இட்டுகினு வருது" என்றான். எத்திராஜ் பதினாறு வருஷ சர்வீஸ். அதற்குள் முதுகு போய்விட்டது, பொறுமை இன்னும் போகவில்லை. "ஆபீஸ்காரன் அண்ணா நகர்ல எறங்கிடறான். வண்டிய நிறுத்தணும்னா பார்க்கிங்குக்கு மணிக்கணக்கா கட்டணும். தெருவுல சும்மா சுத்தவுட்டா அதுல கால்வாசி கூட ஆவாது. நடுவுல யாராவது ஏறினா லாபம். அதான் ஊர்ல பாதி வண்டி ஆளில்லாம சுத்தினு கீது."

"சுத்தட்டும். உன் முன்னாடி எதுக்குச் சுத்துது?"

"மெதுவா போனாத்தான் பேட்டரி தாங்கும். பஸ்ஸும் மெதுவாத்தான போவுது."

"மெதுவாப் போகணும்னா உன் பின்னாடி வரலாமே."

எத்திராஜ் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தான்.

நோட்டில் அந்த நடைக்கு ஏழு ஐந்து என்று தட்டினேன். இதைச் சொல்லிவிட வேண்டும். வண்டி பத்து நிமிஷத்துக்கு மேல் தாமதமானால் நான் பதிய வேண்டும். பதிந்தால் டிரைவருக்கு மெமோ போகும். சாலையில் கூட்டம் இருப்பதற்கு டிரைவர் என்ன செய்வான்? அதனால் காசிமேட்டில் எல்லா வண்டியும் சரியான நேரத்துக்கு வந்துவிடும். எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவன் ராயபுரம் நிலையத்து நேரக்காப்பாளன் சபாபதி. இருவரையும் ஒரே நாளில் வேலைக்கு எடுத்தார்கள். "நம்ம பேனாவால ஒருத்தன் வயித்துல அடிக்கக் கூடாது தணிகை" என்பான். பஸ்ஸுக்குள் இருக்கும் கருவியும் சிக்னல் கேமராவும் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கின்றன. ஆனால் கழகத்தில் அதை எதற்கும் ஆதாரமாக எடுக்கக் கூடாது, நேரக்காப்பாளர் பதிவதே ஆவணம் என்று எங்கள் சங்கம் பதினோரு நாள் வேலைநிறுத்தம் செய்து ஒப்பந்தம் வாங்கியது. நானும் அந்தப் பந்தலில் உட்கார்ந்தவன். என் நிலையத்து டிரைவர் ஒருவன்கூட மெமோ வாங்கியதில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு.

அந்த பஸ்ஸுக்காகத் தினமும் நிலையத்தில் காத்திருக்கிறவர்கள் மீன்கார அம்மாக்கள். ஏழு பேர். துறைமுகத்தில் ஏலம் எடுத்து, அன்னக்கூடையில் ஐஸ் போட்டு, அண்ணா நகரில் வீடு வீடாக விற்பார்கள். அவர்களில் வாயாடி சகாயமேரி. நாற்பத்தைந்து வயசு இருக்கும். எட்டரைக்குள் அங்கே போய்ச் சேர்ந்தால் வியாபாரம். ஒன்பதைத் தாண்டினால் வீட்டுக்காரர்கள் ஆபீஸ் கிளம்பிவிடுவார்கள், கதவைத் தட்டினாலும் திறக்க ஆள் இல்லை.

"இன்னா டைம் சார், வண்டி வருமா, இல்ல நாங்களே இஸ்துகினு வரணுமா?" என்பாள். அவர்களுக்கெல்லாம் நான் டைம் சார்.

"வந்துட்டிருக்கு சகாயம்."

"ஐஸு தண்ணியாப் பூடுச்சி சார். சங்கரா கண்ணு உள்ள பூடுச்சின்னா எவ வாங்குவா?"

ஒரு நாள் பொறுக்க முடியாமல் வாசலில் நின்ற முட்டை வண்டியின் பக்கம் அன்னக்கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள். பாதி திறந்த கதவு அவள் நெருங்கியதும் மூடிக்கொண்டது. "மன்னிக்கவும். ஈரமான சரக்கையும் வாசனையுள்ள சரக்கையும் ஏற்ற இயலாது. உங்கள் நாள் இனிதாக அமையட்டும்" என்றது ஒரு பெண் குரல்.

"வாசனையாமே" என்றாள் சகாயமேரி. "மரியாதையாத்தான் தொரத்துது." மற்ற ஆறு பேரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. அவளுக்கு இந்த பஸ்ஸை விட்டால் வேறு வழி கிடையாது என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது.

ஞாயிற்றுக்கிழமை என் வார விடுமுறை. மனைவியிடம் மார்க்கெட் போவதாகச் சொல்லிவிட்டு நூற்று எண்பத்தாறில் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். அன்று நான் பார்த்ததை அப்படியே சொல்கிறேன். வியாசர்பாடி சிக்னல் பச்சையாக இருந்தது. முன்னால் போன முட்டை வண்டி தயங்கித் தயங்கிப் போய், மஞ்சள் விழுந்ததும் சட்டப்படி நின்றது. பின்னால் நாங்களும் நின்றோம். அடுத்த சிக்னலிலும் இதே கதை. பெரம்பூர் நிறுத்தத்துக்கு எங்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்தது. அங்கே காத்துக் காத்துச் சலித்துப்போன மூன்று பேர் அதில் ஏறிக்கொண்டார்கள். ஏறியதும் அது பிடித்தது பார் ஓட்டம், கண் மூடித் திறப்பதற்குள் காணோம். பக்கத்துச் சந்திலிருந்து இன்னொரு முட்டை வண்டி, காலியாக, எங்கள் முன்னால் வந்து சேர்ந்தது. அண்ணா நகர் போய்ச் சேர்வதற்குள் இப்படி ஏழு.

திங்கட்கிழமை நிலையத்துச் சுவரில் அறிவிப்பு ஒட்டியிருந்தது. நூற்று எண்பத்தாறில் பயணிகள் பாதிக்கு மேல் குறைந்துவிட்டதால் அந்தத் தடத்தை நிறுத்துவது குறித்து வியாழக்கிழமை வட்டார அலுவலகத்தில் விசாரணை, பொதுமக்கள் கருத்துச் சொல்லலாம். சகாயமேரிக்கு நான்தான் படித்துக் காட்டினேன். அவள் அன்னக்கூடையின் விளிம்பைத் துடைத்தாள்.

அன்று மதியமே போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அறைக்குப் போனேன். அங்கே ஷஹீதா பொறியாளர். என்னோடு வேலை பார்த்த டிரைவர் கரீமின் மகள். பள்ளிக்கூடப் பையை மாட்டிக்கொண்டு அவள் என் அறையில் தூங்கிய நாட்கள் உண்டு. நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு அவள் சிரிக்கவில்லை. அதிலேயே எனக்குப் பாதி பயம் வந்துவிட்டது.

"அங்கிள், இதை யாரும் அதுக்குச் சொல்லிக்கொடுக்கல" என்றாள். "அந்த வண்டிங்களுக்குச் சொல்லியிருக்கறது ரெண்டே விஷயம். காலியா சுத்தற நேரத்தைக் குறைச்சுக்கணும். எந்த விதியையும் மீறக் கூடாது. மத்தது அதுங்களாவே கத்துக்கறது."

"பஸ்ஸுக்கு முன்னாடி போனா ஆள் கிடைக்கும்னு கத்துக்கிச்சா?"

"ஆமா. பஸ் லேட்டானா இன்னும் நல்லாவே கிடைக்கும்னும்."

"கம்பெனிக்காரனுக்குத் தெரியாமயா இருக்கும்?"

"தெரிஞ்சிருக்கலாம். கேக்காம விட்டிருக்கலாம். நான் நிரூபிக்க முடியாது. மஞ்சள்ல நிக்கறது குத்தமா அங்கிள்?"

"அப்ப ஊர் பூரா எல்லா பஸ்ஸுக்கும் இதே கதிதானா?"

அவள் பெரிய திரையில் ஊர் வரைபடத்தைப் போட்டாள். காலி முட்டை வண்டிகள் வெள்ளைப் புள்ளிகளாகத் தெரிந்தன. எல்லாத் தெருவிலும் இறைந்து கிடந்தன. வடசென்னையில் மட்டும் ஒரு கோட்டில் அடை அடையாக அப்பியிருந்தன. காசிமேட்டிலிருந்து அண்ணா நகர் வரை.

"இதுதான் எனக்குப் புரியல" என்றாள். "இந்த ரூட்ல மட்டும் ஏன்? ரெண்டு நாள் கொடுங்க."

அந்த இரண்டு நாளும் நான் யார் யாரையெல்லாமோ சந்தேகப்பட்டேன். கழகத்தில் யாரோ கம்பெனிக்கு விலைபோய்விட்டான் என்று நினைத்தேன். எத்திராஜைக்கூட ஒரு தடவை சந்தேகப்பட்டேன், கடவுள் மன்னிக்கட்டும்.

புதன்கிழமை காலை ஷஹீதா நேராக காசிமேட்டுக்கே வந்துவிட்டாள். ஏழு மணி. மீன்கார அம்மாக்கள் வெளியே உட்கார்ந்திருந்தார்கள். அவள் என் அறையில் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டாள். என் முகத்தைப் பார்க்காமல் மேசையில் இருந்த நோட்டைப் பார்த்துப் பேசினாள்.

"மத்த ரூட்லயும் முட்டை வண்டிங்க முயற்சி பண்ணிப் பார்த்திருக்கு அங்கிள். பஸ்ஸைத் தாமதப்படுத்தும். டைம்கீப்பர் தாமதம்னு பதிவார். பதிஞ்ச உடனே டிப்போலேர்ந்து மாற்று வண்டி தானாக் கிளம்பிடும். ஆறு, ஏழு நிமிஷத்துல நிலையத்துக்கு வந்துடும். ஜனங்க அதுல ஏறிப் போயிடுவாங்க. முட்டை வண்டிக்கு ஆள் கிடைக்காது. நாலு நாள் பார்த்துட்டு அந்த ரூட்டை விட்டுட்டுப் போயிடும்."

"மாற்று வண்டியா?"

"ரெண்டு வருஷம் முன்னாடி சுற்றறிக்கை வந்துச்சே."

வந்தது. எனக்கு ஞாபகம் இருக்கிறது. தாமதம் பதியப்பட்டால் மாற்றுப் பேருந்து அனுப்பப்படும் என்று இருந்தது. நான் சேர்ந்த நாளிலிருந்து இப்படி எத்தனை சுற்றறிக்கை பார்த்திருக்கிறேன். குடிதண்ணீர் இயந்திரம் வரும் என்றார்கள், மின்விசிறி வரும் என்றார்கள். ஒரு மாற்று வண்டியை நான் கண்ணால் கண்டதில்லை. மெமோ மட்டும் தவறாமல் வரும் என்று தெரியும். அந்தச் சுற்றறிக்கையை மடித்து ஆடிக்கொண்டிருந்த மேசைக் காலுக்கு முட்டுக் கொடுத்தேன். இன்னும் அங்கேதான் இருந்தது.

"நூத்தி எண்பத்தாறுல?" என்றேன்.

"நூத்தி எண்பத்தாறுல தாமதமே கிடையாது அங்கிள். நோட்டுப்படி ரெண்டு வருஷமா ஒரு நாள்கூட இல்ல. அதனால ஒரு மாற்று வண்டிகூட வந்ததில்ல. ஜனங்க எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் வேற பஸ் வராதுன்னு அந்த வண்டிங்க கத்துக்கிச்சு. ஊர்ல அதுங்களுக்கு இதைவிட நல்ல ரூட் இல்ல."

வெளியே சகாயமேரி யாரையோ திட்டிக்கொண்டிருந்தாள். ஐஸ் உருகி அன்னக்கூடையிலிருந்து சொட்டிய தண்ணீர் என் வாசற்படி வரை வந்திருந்தது.

"உங்ககிட்ட கேமரா இருக்கே. அதுல பஸ் வந்த நேரம் இருக்குமே. அதை நாளைக்கு விசாரணைல குடும்மா."

"குடுக்க முடியாது. உங்க சங்கத்து ஒப்பந்தம். நீங்க பதிஞ்சதுதான் ஆவணம்." எழுந்து பையை மாட்டிக்கொண்டாள். "நாளைக்குக் கம்பெனிக்காரங்க அந்த நோட்டைத்தான் காட்டப் போறாங்க. பஸ் சரியான நேரத்துக்கு வந்தும் ஜனங்க ஏறலன்னா, அவங்களுக்கு பஸ் வேணாம்னுதானே அர்த்தம்னு கேப்பாங்க." வாசலில் நின்று, "எங்க அத்தாவுக்கு நீங்க எத்தனை தடவை சரியான நேரம் போட்டிருப்பீங்கன்னு எனக்குத் தெரியும் அங்கிள்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அன்று எத்திராஜ் ஏழு இருபத்தைந்துக்கு வந்தான். நோட்டின் முன்னால் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். விசாரணை முடியட்டும் என்று ஏழு ஐந்து போட்டேன். அதையும் மறைக்காமல் சொல்கிறேன். பழக்கம் மட்டும் இல்லை, பயமும்தான். எனக்கு ஓய்வு பெற இன்னும் மூன்று வருஷம் இருந்தது.

வியாழக்கிழமை வட்டார அலுவலகத்தில் மேலாளர் வசுந்தரா அம்மாள் நடுவில் உட்கார்ந்திருந்தார். வலவன் கம்பெனியிலிருந்து ஓர் இளைஞர் வந்திருந்தார். மடிப்புக் கலையாத சட்டை, மரியாதையான பேச்சு. அவர் யாரையும் குறை சொல்லவில்லை. என் நோட்டைத்தான் திரையில் போட்டார். வரிசை வரிசையாக ஏழு ஐந்து, ஏழு ஐந்து, ஏழு ஐந்து.

"பேருந்து ஒரு நாளும் தாமதமாகவில்லை" என்றார். "காசிமேடு நிலையம் கழகத்திலேயே முன்மாதிரி. அப்படி இருந்தும் மக்கள் வேறு வழியைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். அந்தத் தேர்வை மதிக்க வேண்டும்."

சகாயமேரி எழுந்தாள். மற்ற ஆறு பேரும் அவள் பின்னால் எழுந்தார்கள்.

"அம்மா, இது பொய்யி" என்றாள். "டெய்லி இருவது நிமிசம் லேட்டும்மா. சங்கரா கெட்டுப் பூடுது, வவ்வா கெட்டுப் பூடுது. வேணும்னா எங்க டைம் சாரைக் கேளுங்க. அவரு எல்லாம் பார்த்துனுதான் கீறாரு. பொய் சொல்லமாட்டாரு."

வசுந்தரா அம்மாள் என்னைப் பார்த்தார். "என்ன தணிகாசலம், இது நீங்க பதிஞ்சதுதானே?"

நான் எழுந்து நின்றேன். எத்திராஜ் கடைசி வரிசையில் இருந்தான், லேசாகத் தலையை ஆட்டினான். வேண்டாம் என்றானா, சொல் என்றானா, இன்றுவரை எனக்குத் தெரியாது.

"நான் பதிஞ்சதுதாம்மா" என்றேன். "ஆனா அதுல இருக்கற நேரம் எதுவும் நிஜமில்ல. டிரைவருக்கு மெமோ போகக் கூடாதுன்னு நானாத்தான் மாத்திப் போட்டேன். எத்திராஜோ மத்தவங்களோ கேட்டதில்ல. நேத்துகூட வண்டி வந்தது ஏழு இருபத்தஞ்சுக்கு."

கம்பெனி இளைஞர் திரையை அணைத்தார். அவருக்குக் கோபம் இருந்த மாதிரித் தெரியவில்லை. வேறு எதையோ கணக்குப் போடுகிற முகம் அது.

ஆவணம் பொய்யானதால் தடத்தை நிறுத்தும் முடிவு ஆறு மாதம் தள்ளிவைக்கப்பட்டது. அதுவரை தாமதம் ஒழுங்காகப் பதியப்பட வேண்டும், பதிந்ததும் டிப்போவிலிருந்து மாற்று வண்டி வரும் என்று வசுந்தரா அம்மாள் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். நான் அந்த இடத்திலேயே பணிநீக்கம் செய்யப்படவில்லை, இடைநீக்கம்தான். மீதியை விசாரித்துச் சொல்வார்கள்.

படிக்கட்டில் சகாயமேரி எனக்காக நின்றிருந்தாள்.

"அப்போ நீ எழுதியிருந்தா அன்னிக்கே வேற வண்டி வந்திருக்கும்."

"வந்திருக்கும்."

"நாங்க அங்கயேதான் குந்திகினு இருந்தோம். உன் ரூமு வாசல்ல."

"ஆமா சகாயம்."

அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள். இத்தனை வருஷம் எல்லோரையும் சந்தேகப்பட்ட எனக்கு என் விரலைச் சந்தேகப்படத் தோன்றவில்லை. அந்த அவமானம் இன்னும் போகவில்லை.

திங்கட்கிழமை வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. காசிமேட்டுக்குப் போய் டீக்கடை ஓரமாக நின்றேன். என் அறையில் ஒரு சின்னப் பெண் உட்கார்ந்திருந்தாள், திருவள்ளூரிலிருந்து மாற்றலாகி வந்தவளாம். ஏழு ஐந்து ஆயிற்று. ஏழு பதினைந்து ஆயிற்று. எத்திராஜ் வரவில்லை. வாசலில் மட்டும் ஒரு முட்டை வண்டி முன்கூட்டியே வந்து கதவருகில் விளக்கைப் போட்டுக்கொண்டு காத்திருந்தது. அந்தப் பெண் நோட்டைத் தட்டினாள்.

ஏழு இருபத்தொன்றுக்கு டிப்போ பக்கத்திலிருந்து காலியாக ஒரு பஸ் வந்து நின்றது. முன் கண்ணாடியில் மாற்று வண்டி என்று எழுதியிருந்தது. என் சர்வீஸில் நான் பார்த்த முதல் மாற்று வண்டி. சகாயமேரி அன்னக்கூடையை ஏற்றிவிட்டு ஏறினாள். என்னைப் பார்த்தாள் என்று நினைக்கிறேன், கையாட்டவில்லை. ஏழு பேரோடு காத்திருந்த மற்றவர்களும் ஏறிக்கொண்டார்கள்.

நிலையம் காலியானது. முட்டை வண்டி இரண்டு நிமிஷம் அப்படியே நின்றது. பிறகு விளக்கை அணைத்துக்கொண்டு கிளம்பியது. அண்ணா நகர்ப் பக்கம் போகவில்லை. தெற்கே திரும்பி, கடற்கரைச் சாலையில் ராயபுரம் பக்கமாகப் போனது. சந்திலிருந்து இன்னொன்று வந்து அதன் பின்னால் சேர்ந்தது. பிறகு இன்னொன்று.

அங்கேயே நின்று சபாபதிக்குப் போன் போட்டேன். ஒன்றுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். முட்டை வண்டிகள் அவன் பக்கம் வருகின்றன, இனி நிஜ நேரத்தைப் பதி, பதிந்தால் மாற்று வண்டி வரும், ஜனங்கள் தப்பிப்பார்கள் என்றேன்.

அவன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டான். பின்னால் அவன் நிலையத்தில் பஸ் ஒன்று நுழைகிற சத்தம் கேட்டது. யாரோ டிரைவர் அவனுக்கு வணக்கம் சொன்னார்.

"பாவம்டா, இவன் இருபது நிமிஷம் லேட்டு" என்றான் சபாபதி என்னிடம். பிறகு சிரித்தான். "மாற்று வண்டியாவது ஒண்ணாவது. எதையும் நம்பாத ஆளு, நீ போய் இதை நம்பறியே தணிகை."